பலகையில் இருந்த சொல்லும் சரோஜாவின் படங்கும்

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் முகப்பில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டார்கள். பச்சைத் தகரத்தில் வெள்ளை இங்கிலீஸ் எழுத்தில் ஒரே ஒரு சொல்: கிரெஷ். அது இருந்த இடத்தில் இப்போது மூன்று மொழிகளிலும் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று நீளமான ஒரு பலகை பளபளக்கிறது. சுவருக்குப் புதுப் பெயின்ட், தரைக்கு ஓடு, பிள்ளைகள் படுக்க மரக்கட்டில்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் பின்வரிசைகூடக் கிடைக்காதவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பரமேஸ் அக்கா, இத்தன வருசமா அந்தப் பலகைக்குக் கீழதானே நின்னீங்க. அதுக்கு என்னா அர்த்தம்?”

அவளோடு வேலை செய்யும் மற்றப் பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். “தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சொல்ற சங்கதி இல்ல தங்கச்சி, எழுதியே தாறேன்” என்று சொல்லித் தப்பித்து வந்தேன். தப்பித்தது வாய்தான், மனசு இல்லை. அந்தச் சொல் ஒரு காலத்தில் என்னை நன்றாகச் சுட்டிருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லைத் தோட்டத்தில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அது ஆபீஸ்காரர்களின் சொல். எங்களுக்கு அது பிள்ளைக் காம்பரா. ‘காம்பரா’வும் நம்முடையது இல்லை, போர்த்துக்கீசன் விட்டுப்போனது என்பார்கள். ஆனால் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, லயத்துக் காம்பராவிலேயே கண்ணை மூடுகிறவர்களிடம் போய் அதை அந்நியச் சொல் என்றால் அடிக்க வருவார்கள். நானும் சேர்ந்து வருவேன்.

பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்ததும் பதுளையில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டினார்கள். அந்தப் பொம்மை அழாது, வயிற்றால் போகாது, தலைமயிரைப் பிடித்து இழுக்காது. அதனால் பயிற்சியில் நான் கெட்டிக்காரி. தோட்டத்துக்குத் திரும்பி வந்து ஒரே காலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் குரலெடுத்தபோதுதான் வேலை தொடங்கியது.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்து, அன்றைக்கு யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று ஆகிவிட்டால், தாய்மார் நேரே எங்கள் வாசலுக்கு வருவார்கள். வாசலில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அரைக்கதவு. தாய் அதற்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிள்ளையைக் கதவுக்கு மேலாகத்தான் வாங்குவேன். வாங்கியதும் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். பிறகு உடுப்பைக் கழற்றி அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பேன். கொப்புளம், சிரங்கு, அட்டை கடித்த தடம் இருந்தால் தாய் நிற்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவள் மலைக்குப் போனபிறகு கேட்டுப் பயன் இல்லை.

பால் குடிக்கும் பிள்ளைகளின் தாய்மார் நடுவில் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி வருவார்கள். வெளிச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். கூடையையும் படங்கையும் அதில் மாட்டிவிட்டு, கையையும் மார்பையும் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரலாம். செடி குத்தாமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்குத்துணிதான் படங்கு. அதில் அட்டை இருக்கும், கொழுந்துக் கறை இருக்கும், பூச்சிமருந்து அடித்த மலையிலிருந்து வந்தால் அதுவும் இருக்கும். ஆகவே படங்கு அரைக்கதவைத் தாண்டக் கூடாது. அது சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது, எந்தத் தாளிலும் இல்லாதது. காம்பராவின் உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொக்கி, அதில் அந்தப் பிள்ளையின் தாய் உடுத்திய பழைய சேலையில்தான் தொட்டில். அடுத்தவள் சேலையில் கட்டினால் பிள்ளை படுக்காது. சனிக்கிழமை சேலையை அவிழ்த்துத் தாயிடம் கொடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயவைத்து, அன்று ராத்திரி அதையே உடுத்திக்கொண்டு படுத்து, திங்கட்கிழமை காலையில் அவள் கொண்டுவர வேண்டும். எனக்கு முன்பு இருந்த ஆயா வைத்த வழக்கம் அது. அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. சேலை சுத்தமாகவும் இருக்கும், தாய் மணமும் இருக்கும். திங்கட்கிழமை காலைகளில் பெண்கள் ஒருவரை ஒருவர், “என்னாடி, ராத்திரி தொட்டில கட்டிக்கிட்டுத் தூங்குனியா?” என்று கேலி பேசிக்கொண்டு வருவார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் குமாரி மிஸ். தோட்ட நலன்புரி அதிகாரி, பண்டாரவளைப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. எங்களோடு பழகிப் பழகி எங்கள் பேச்சே அவருக்கு வந்துவிட்டது, கடைசியில் ‘இல்லையா’ என்பதற்கு ஒரு ‘நே’ மட்டும் சிங்களத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த நாள் வருவார் என்று சொல்லமாட்டார். வந்தால் செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து, மூக்கால்தான் முதலில் வேலை செய்வார். தொட்டில், பாய், துவாய் ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்ப்பார். பால் கோப்பையின் உள்பக்கத்தில் விரலை ஓட்டி, பெருவிரலோடு தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுப்பு இருந்தால் திட்டமாட்டார். அந்தக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும். எது சொன்னாலும் அவர் பதில், “சரி, பாப்போம்.” அதில் சம்மதமா மறுப்பா என்று கண்டுபிடிக்க எனக்கு வருடங்கள் பிடித்தன.

இனி அந்தச் சொல் எனக்குச் சூடு வைத்த கதை.

பக்கத்து ஊரான எல்லவுக்கு வெள்ளைக்காரர்கள் சுற்றிப்பார்க்க வரத் தொடங்கிய பிறகு, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெமோதரைப் பக்கம் நடந்து வருகிறவர்களும் அதிகமானார்கள். அப்படி ஒரு நாள் மழைக்கு எங்கள் விறாந்தையில் ஒரு வயதான அம்மா ஒதுங்கினார். பிரான்ஸ் நாட்டுக்காரர். கூட வழிகாட்டி நஸீர், பதுளை டவுனில் கடை வைத்திருப்பவரின் மகன், எனக்கு நன்றாகத் தெரிந்தவன். அந்த அம்மா அண்ணாந்து பலகையைப் பார்த்தார். கையைத் தட்டி, சொந்தக்காரரைக் கண்ட மாதிரிச் சிரித்தார்.

“இது அவங்க பாசையாம் அக்கா” என்றான் நஸீர். “இங்கிலீஸ்காரன் அவங்ககிட்ட இருந்து எடுத்தானாம். அவங்க ஊர்லயும் பிள்ளைக் காம்பராக்கு இதே பேர்தானாம்.”

“அப்பிடியா? சொல்லுக்கு என்னா அர்த்தமாம், கேளு.”

அவன் கேட்டான். அந்த அம்மா கையால் காற்றில் ஒரு நீளமான பெட்டி வரைந்தார், வைக்கோல் அள்ளிப் போடுவதுபோல் காட்டினார். நஸீர் கொஞ்சம் தயங்கினான்.

“மாட்டுக்குத் தீனி போடுற தொட்டியாம் அக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. மாட்டுத் தொட்டியா? எங்கள் பாட்டன் பூட்டனைக் கப்பலில் மாடு மாதிரி ஏற்றிவந்து, மாடு மாதிரி லயத்தில் அடைத்து, பிள்ளைகளைப் போடும் இடத்துக்கும் மாட்டுத் தொட்டி என்றா பெயர் வைத்தான்? அதைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டா நான் இவ்வளவு காலம் பெருமையாக நின்றேன்? அந்த அம்மா இன்னும் என்னவோ ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸ், பொம்மை, கழுதை என்று நஸீர் மொழிபெயர்த்தான். நான் காதில் வாங்கவில்லை. மழைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட்டேனா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அவர் போனபிறகு, என்னோடு வேலை செய்த ரெஜினா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“என்னாக்கா, அவங்க முன்னணையத்தானே சொன்னாங்க? அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்குறீங்க?”

“அது என்னா முன்னண?”

“மாதாவுக்குப் பிள்ள பொறந்தப்ப சத்திரத்துல எடங் குடுக்கல. மாட்டுக் கொட்டில்லதான் பெத்தாங்க. கெடத்த வேற எடமில்லாம மாடு திங்கிற தொட்டியில வைக்கோலப் போட்டுக் கெடத்துனாங்க. அதுதான் முன்னண. நாங்க கோயில்ல வருசா வருசம் கட்டுறோமே, நீங்களும் வந்து பாத்திருக்கீங்க.”

பார்த்திருக்கிறேன். பொம்மை மாடு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் கோபம் ஒரு பதிலால் இறங்கிவிடுமா என்ன? அது மாதாவின் கதை, எங்களை மாடாக நினைத்தது நினைத்ததுதான் என்று முறுக்கிக்கொண்டே கொஞ்ச நாள் இருந்தேன். சரோஜாவின் பிள்ளையை நினைத்துப் பார்த்த பிறகுதான் அந்த முறுக்கு அவிழ்ந்தது. ஆகையால் அதைச் சொல்லவேண்டும்.

அது அந்த வெள்ளைக்கார அம்மா வருவதற்குப் பல வருடங்கள் முந்தி நடந்தது. சரோஜாவும் மகேந்திரனும் எங்கள் மூன்றாம் லயத்துக்காரர்கள். சரோஜா கொழுந்தெடுப்பவள், மகேந்திரன் பாக்டரியில் வேலை. ஒரே பிள்ளை நிரோஷா. அதற்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே சரோஜா வெளிநாட்டுக்கு, வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். ஏன் போனாள் என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் இருந்து போன எல்லாரும் எதற்காகப் போனார்களோ அதற்காகத்தான்.

புறப்படுவதற்கு முதல் வாரம் மூன்று சேலைகளை மாற்றி மாற்றி ராத்திரியும் பகலும் உடுத்தினாள். உடுத்தியதை மடித்துத் துணிப்பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினாள். கடைசி நாள் அரைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று புருசனிடமும் என்னிடமும் சேர்த்துச் சொன்னாள்.

“ஒன்னு மணம் போனா அடுத்தத எடுங்க. மூனையும் ஒன்னா அவுத்துடாதீங்க. தொவைக்காதீங்க. அதுக்குள்ள எம்புள்ள பழகிக்கிரும்.”

பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு இறங்கினாள். பார்த்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

பிள்ளை பழகியது, அதாவது சேலைக்குப் பழகியது. கோப்பையில் பால் குடிக்கும், கரைத்த சத்துமா தின்னும், தொட்டிலில் போட்டால் சேலை ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டு தூங்கிவிடும். முதல் சேலை முடிந்தது, இரண்டாவது முடிந்தது. ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும்போது மூன்றாவது சேலை கொக்கியில் தொங்கியது.

தீபாவளிக்கு முன்பு தோட்டத்தில் எல்லா லயமும் தலைகீழாக நிற்கும். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குச் சாணி, கம்பளி முதல் திரைச்சீலைவரை தண்ணீர் கொட்டும் பீலிக்கடியில் துவையல். அந்தச் சனிக்கிழமை மகேந்திரன் வழக்கம்போல் தொட்டில் சேலையை உதறி வெயிலில் போட வாங்கிக்கொண்டு போனான். தாய் இல்லாத வீடு, பிள்ளை அழுக்காகக் கிடக்கிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது அவனுடைய வைராக்கியம். பெண்களோடு பெண்களாகப் பீலிக்கடியில் நின்று, அந்த ஆள் வீட்டிலுள்ள அத்தனை துணியையும் துவைத்திருக்கிறான். சவுக்காரம் போட்டு, நீலம் போட்டு. கடைசியில், சரோஜா சொன்னதை மறந்து, இதையும்.

தீபாவளி கழிந்து வேலை தொடங்கிய காலையில், மடிப்புக் கலையாத சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். “பாருங்கக்கா, எப்பிடி வெளுத்திருக்கேன்னு!” முகம் பூவாக மலர்ந்திருந்தது. சேலையை வாங்கும்போதே சவுக்கார மணம் மூக்கில் ஏறியது. அந்த முகத்தைப் பார்த்து நான் என்னவென்று சொல்வது?

பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். முகத்தைத் துணியில் வைத்து இந்தப் பக்கம் தேய்த்தது, அந்தப் பக்கம் தேய்த்தது. தேடுகிறது என்று பார்க்கிறவர்களுக்கே தெரியும். பிறகு வீரிட்டது. எடுத்துத் தோளில் போட்டேன், பாடினேன், வெளியில் கொண்டுபோய்க் குருவி காட்டினேன். பாலை நாக்கால் தள்ளியது. மறுநாளும் அப்படியே. அழுகை குறைந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அழத் தெம்பில்லாத பிள்ளை அடங்கிப்போய்க் கிடக்கும். தோட்டத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, மார்பில் சளி இல்லை, நோய் என்று எதுவும் இல்லை, ஆனால் பொழுது சாய்வதற்குள் குடிக்காவிட்டால் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றார்.

குமாரி மிஸ் அப்போதுதான் வந்தார். செருப்பைக் கழற்றினார். அன்றைக்கு எதையும் முகரவில்லை, நேரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி, அது எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்த்தார். உதட்டைத் தொட்டார், உள்வாய் காய்ந்திருந்தது. உப்பும் சீனியும் போட்ட தண்ணீரைக் கரண்டி நுனியில் எடுத்து, உதட்டோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார். ஒரு சொட்டு உள்ளே போகும், இரண்டு வெளியே வழியும். கால் மாற்றி உட்காரவில்லை, ஒருவரையும் கோபிக்கவில்லை. நான் சேலைக் கதையைச் சொன்னேன். “சரி, பாப்போம்” என்றார். அந்த ‘பாப்போம்’ நடுங்கியது.

மகேந்திரனுக்கு ஆள் அனுப்பினோம். பாக்டரியிலிருந்து தேயிலைத் தூசியோடு ஓடிவந்தான். கதவுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

“அவள வரச்சொல்லிடவா மிஸ்? போன வேகத்துல திருப்பி அனுப்புவாங்களா? இல்ல, வாறதுக்குள்ள எம்புள்ள...”

“வீட்டுல சரோஜா உடுத்தின எதாவது இருக்கா மகேந்திரன்? தொவைக்காதது?”

“எல்லாத்தையும் தொவச்சிட்டேன் மிஸ். ஒரு துணி மிச்சம் வைக்கலையே. சுத்தமா வச்சிருக்கணும்னுதான் மிஸ்...”

அவ்வளவுதான். அரைக்கதவைப் பிடித்துக்கொண்டு, வளர்ந்த ஆம்பளை, குலுங்கிக் குலுங்கி அழுதான். ரெஜினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் திரும்பவில்லை, அவனோடு சேர்ந்து அழுதேன். குமாரி மிஸ் மட்டும் கரண்டியை நிறுத்தவில்லை.

“அழுங்க, அழுதுட்டு யோசிங்க. தலகாணி? பாய்? குளுருக்குப் போட்டது?”

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தவனின் பார்வை சுவர் ஆணிகளில் நின்றது. பால் கொடுக்க வந்த பெண்களின் படங்குகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன.

“படங்கு ஒன்னு கெடக்கு மிஸ்” என்றான், ஏதோ அசிங்கத்தைச் சொல்வதுபோல. “அடுப்படி ஆணியில. அவ கடசியா மலைக்குக் கட்டிட்டுப் போனது. சாக்குத்தானேன்னு அதத் தொவைக்கல. ஆனா அது... இங்கின கொண்டாரக் கூடாதே.”

நான் குமாரி மிஸ் முகத்தைப் பார்த்தேன். சட்டம் அவர் போட்டது. ஒரு தடவை, படங்கோடு உள்ளே வந்த ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, தரை முழுவதையும் டெட்டோல் போட்டுக் கழுவச் சொன்னவர் அவர்.

“அவ கடைசியாப் போன மலைக்கு மருந்து அடிச்சிருந்தாங்களா?”

“இல்ல மிஸ்.”

“அப்ப ஓடுங்க.”

கொண்டுவந்தான். குமாரி மிஸ் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, விறாந்தை வெளிச்சத்தில் நின்று அந்தச் சாக்கை விரித்தார். தையல் தையலாகத் தடவிப் பார்த்தார். மடிப்புக்குள் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு அட்டையை நகத்தால் சுரண்டிப் போட்டார். உதறினார், மறுபக்கம் திருப்பி மீண்டும் தடவினார். கடைசியாக இரண்டு கையாலும் எடுத்து முகத்தோடு வைத்து முகர்ந்தார். கொழுந்துச் சாறு, அடுப்புப் புகை, வேர்வை, புளித்த பால். கொஞ்ச நேரம் முகத்தை எடுக்கவே இல்லை. பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னார்.

“சரோஜா இருக்கா நே, பரமேஸ்.”

அந்தப் படங்கை அவரே அரைக்கதவைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தார். வெளுத்த சேலைத் தொட்டிலுக்குள் விரித்தார். பிள்ளையைக் கிடத்தினேன். கன்னம் சாக்கில் பட்டதும் பிள்ளையின் மூக்கு சுருங்கியது. இந்தப் பக்கம் தேய்த்தது. ஒரு தடவைதான். பிறகு கறையேறி விறைத்திருந்த ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்துக்கொண்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டது. நான்கு பெரியவர்கள் ஒரு தொட்டிலைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றோம். தூங்கி எழும்பியதும் அது குடித்த அரைக் கோப்பை பாலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மகேந்திரன் குமாரி மிஸ் காலில் விழப்போனான். அவர் விலகிக்கொண்டு, “போய் மூஞ்சக் கழுவுங்க, தேயில அப்பிக் கெடக்கு” என்றார்.

இப்போது தர்ஷினியின் கேள்விக்கு வருகிறேன். எழுதித் தருவதாகச் சொல்லி நான் எழுந்த பிறகும் பொறுக்காமல், அவளே செல்போனில் தேடிப் பார்த்து வாசல்வரை வந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மாட்டுத் தொட்டியைக் குறிக்கும் மிகப் பழைய சொல் ஒன்று ஐரோப்பாவின் வடக்குப் பக்கத்திலிருந்து பிரான்சுக்குப் போய் கிரெஷ் ஆனதாம். அதே பழைய சொல்லின் உடன்பிறப்பு இங்கிலீஸில் கிரிப் என்று ஏற்கனவே இருந்ததாம். பாரிசில் கூலிவேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்க முதன்முதலாக ஒரு இடம் திறந்தபோது, மாதா பிள்ளையைக் கிடத்திய அந்தத் தொட்டியின் பெயரையே வைத்தார்களாம். இங்கிலீஸ்காரன் அதைப் பிரெஞ்சுக்காரனிடம் வாங்கி, கடல் தாண்டி எங்கள் மலைக்கும் கொண்டுவந்து பலகையில் எழுதினான். அக்காளும் தங்கையும் வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், பிறகு ஒரே தோட்டத்தில் வந்து சேர்ந்த மாதிரி. ஏனென்றால் புது மரக்கட்டிலுக்கு ஆபீஸில் என்ன பெயர் தெரியுமா? கிரிப். வாசலில் கழற்றிய சொல் உள்ளே வந்து படுத்துக்கொண்டிருக்கிறது. நானும் தர்ஷினியும் சிரித்துவிட்டோம்.

எனக்கு இப்போது அந்தச் சொல்லில் கோபம் இல்லை. பெயர் வைத்தவன் எங்களை என்னவாக நினைத்தான் என்பது அவனோடு போகட்டும். இடம் கிடைக்காத ஒரு தாய், கைக்கு எட்டியதில் பிள்ளையைக் கிடத்தினாள், அதில் மாட்டு வாடை இருந்தது, பிள்ளை தூங்கியது. எங்களிடம் மாடு இல்லை, கொழுந்துச் சாக்கு இருந்தது. மரக்கட்டில் நல்லதுதான் தர்ஷினி, பிள்ளை விழாது, கழுவவும் சுலபம். ஆனால் திங்கட்கிழமைகளில் தாய்மாரிடம் உடுத்திய சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் விரி. புதுக் காம்பராவுக்கு அந்த ஒன்றைத்தான் நான் கேட்கிறேன்.

சரோஜா திரும்பி வந்ததையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து, ஒரு மத்தியானம் மகேந்திரனோடு ஆட்டோவில் வந்து நேரே காம்பரா வாசலில் இறங்கினாள். லயத்துக்குக்கூடப் போகவில்லை. பளபளக்கும் புதுச்சேலை, வெளிநாட்டுச் சென்ட் மணம், கையில் பெரிய பொம்மை. நிரோஷா அப்போது ஓடி விளையாடும் பிள்ளை. வந்தவளைப் பார்த்துவிட்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சரோஜா பொம்மையை நீட்டினாள். பிள்ளை என் முழங்காலை இன்னும் இறுக்கியது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எட்டிப்பார்த்தது, அடுத்த நிமிடமே அது வலித்தது.

சரோஜா அழவில்லை. காம்பராவைச் சுற்றிப் பார்த்தாள். நிரோஷாவின் கொக்கிக்கு நேர் கீழே, பலகைத் தட்டில் மடித்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. எத்தனையோ தடவை துவைத்து நைந்துபோயிருந்தாலும், தன் கையால் போட்ட தையல் அவளுக்குத் தெரியாதா?

“அக்கா, இது எம்படங்கில்ல?”

எடுத்து மார்போடு அணைத்தாள். அவ்வளவுதான், நிரோஷா என் சேலையை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்தது.

“ஏன்டது! குடு! அது ஏன்டது!”

“ஆமா சாமி, ஒன்னோடதுதான். நான் கட்டிக்கட்டுமா? நீ ஒரு ஓரத்தப் புடிச்சிக்க.”

புதுச்சேலைக்கு மேலே அந்தக் கந்தல் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டினாள், மலைக்குப் போகிறவள் மாதிரி. பிள்ளை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தது. சரோஜா மெதுவாக நடந்தாள். படங்கை விட மனமில்லாத பிள்ளை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பின்னால் போனது. பெட்டியையும் பொம்மையையும் தூக்கிக்கொண்டு மகேந்திரன். லயம்வரை அப்படியே போனார்கள், நான் அரைக்கதவில் நின்று பார்த்தேன்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அரைக்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சரோஜா, பழைய சட்டை பாவாடையோடு, இடுப்பில் நிரோஷாவோடு நின்றாள். சென்ட் மணம் போயிருந்தது. கையில் அந்தப் பளபளப்புச் சேலை, கசங்கிச் சுருங்கி.

“ராத்திரி கட்டிக்கிட்டுத்தான் படுத்தேன் அக்கா” என்றாள். “கொக்கியில போடுங்க.”